கவிழ்க்காமல் விட்ட செடி

எரிந்துபோன மோட்டாரைத் திறந்ததும் காயிலக்கா முதலில் மூக்கைத்தான் கிட்டே கொண்டுபோவாள். தண்ணீர் புகுந்து செத்த மோட்டாருக்கு ஒரு நாற்றம். மூச்சு வாங்க விடாமல் ஓட்டிச் சாகடித்ததற்கு வேறொரு நாற்றம். முகர்ந்துவிட்டு, கொண்டுவந்த ஆளை நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வைக்கே பாதிப் பேர், அணைக்க மறந்துவிட்டோம் என்று தானாக ஒப்புக்கொள்வார்கள்.

டயர்க் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில் சொருகி வைத்ததுபோல் இருக்கும் அந்தப் பட்டறைக்கு அவள் வந்தது மின்சாரம் கசியாமலிருக்க மோட்டாருக்குள் வைக்கிற தாளை வெட்டிக் கொடுக்கத்தான். வந்த இடத்தில் கை சும்மா இருக்கவில்லை. முதலாளி சாப்பிடப் போன ஒரு மத்தியானம், கழித்துப் போட்டிருந்த மின்விசிறிக்குச் செம்புக் கம்பியைத் தானே சுருள் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டி, ஓடவிட்டு, அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்த முதலாளியும் பக்கத்தில் நின்று பார்த்தார். திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. மறுநாள் தாள் வெட்ட வேறு ஆள் வந்தது. அன்றிலிருந்து அவள் காயிலக்கா. வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வாடிக்கையாளர்கள் லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, ஆம்பளைங்க யாரும் இல்லையா என்று கேட்பார்கள். “இருக்காங்களே, டீ வாங்கப் போயிருக்காங்க. மோட்டார நான்தான் கட்டுவேன்” என்பாள். முகத்தில் சிரிப்பு இருக்காது. கேட்டவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று புரியாமல், மோட்டாரை வைத்துவிட்டுப் போய்விடுவார். புருஷன் வீட்டை விட்டு வந்ததைப் பற்றித் துருவிக் கேட்டவர்களுக்கும் பட்டறை பாஷையிலேயே பதில் இருந்தது: “லோடு தாங்கல, ட்ரிப் ஆயிடுச்சு.” அதற்கு மேல் ஒரு சொல் பெயராது.

அவள் குடியிருந்தது அண்ணன் வாங்கிப் போட்டிருந்த வீட்டில். நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில், வெயில் காலத்தில் சுவர் அடுப்பு மாதிரி கொதிக்கிற வீடு. வாடகைக்கு வந்தவர் எவரும் ஒரு கோடைக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. கடைசியில் அண்ணன் அதைத் தங்கைக்குக் கொடுத்தார். வாடகை வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். ஆனாலும் நாலு பேர் கூடினால், “தங்கச்சிய நான்தான் வச்சுப் பாத்துக்கறேன்” என்று சொல்லாமல் இருக்க அவருக்கு வராது. காயிலக்கா அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அல்லது, போட்டுக்கொண்டு வெளியே காட்டுவதில்லை.

அந்த வீட்டுக்குச் செடி வந்தது ஒரு பம்பு மோட்டார் வழியாக. நர்சரி வைத்திருந்த ஒருவரின் மோட்டார் புகைந்துபோய் வந்தது. செடிகள் வாடுவதற்குள் கட்டிக் கொடுத்துவிட்டாள். மோட்டாரை எடுக்க வந்தவர், ஈரச் செய்தித்தாளில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிரித்தால், பச்சை இலைகளில் வெள்ளிப் பட்டை பட்டையாகக் கோடு போட்ட ஒரு கொத்து. அடியில் நாலு வேர். ஒரு துளி மண் இல்லை.

“அன்னாசிக்கு ஒன்னுவிட்ட தங்கச்சி. பேரு புரோமெலியாட்” என்றார்.

பெயர் வாயில் நுழையவில்லை என்றாள். எந்த மண்ணில் வைப்பது என்று கேட்டாள். மண்ணில் புதைத்தால் அழுகிவிடும், காட்டில் பெரிய மரக் கிளைகளில் தொற்றிக்கொண்டு வளர்கிற சாதிச் செடி இது, ஒரு கட்டையில் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்றார் நர்சரிக்காரர். அப்படியென்றால் மரத்தின் சாற்றை உறிஞ்சிக் குடிக்குமா என்று அவள் சந்தேகப்பட்டாள்.

“ஒரு சொட்டு குடிக்காது. மரத்துக்கிட்ட அது கேக்கறது நிக்கறதுக்கு எடம், அவ்வளவுதான். இலைங்க நடுவுல குவளை மாதிரி இருக்கு பாருங்க. மழத்தண்ணிய அதுல புடிச்சு வச்சுக்கும். சோறு தண்ணி எல்லாம் அதுக்குள்ளதான்.”

“அப்ப நம்ம ஆளு” என்று சொல்லி, காயிலக்கா அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

நம்ம ஆளு என்று கொண்டுபோனதை அவளே கொன்றாள். கட்டையில் கட்டவேண்டும் என்றதும் அவள் கை தானாகப் போனது எதன் மேல்? பட்டறையில் மிஞ்சிய செம்புக் கம்பி. வளையும், அறுகாது, துருப்பிடிக்காது. காயில் கட்டுகிற நேர்த்தியோடு, சுற்றுக்குச் சுற்று ஒட்டினாற்போல் கட்டி, முனைகளைச் சுரண்டி முறுக்கி, பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டாள். பார்க்க நகை மாதிரி இருந்தது. சில வாரத்தில் நடு இலைகள் கறுத்தன. தொட்டபோது கையோடு வந்துவிட்டன.

செத்ததைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்கே போனாள். அவர் கம்பியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த இனத்துக்குச் செம்பு ஆகவே ஆகாது, தண்ணீர் பட்டுப் பட்டு அதிலிருந்து இறங்குகிற சத்தே விஷம் என்றார். காயிலக்காவுக்கு அது உள்ளே எங்கோ உறைத்தது. இத்தனை வருஷம் தனக்குச் சோறு போடுகிற செம்பு, இதற்கு விஷமா? வேறு யாராவது கட்டியிருந்தால் சணலால் கட்டியிருப்பார்கள், பழைய துணியால் கட்டியிருப்பார்கள்; செடி பிழைத்திருக்கும். காயில் கட்டுகிறவள் வீட்டுக்குப் போனதால் செத்தது.

“இன்னொன்னு குடுங்க” என்றாள்.

இந்த முறை காயில்களை இறுக்கிக் கட்டுகிற பருத்தி நாடாவை எடுத்துக்கொண்டாள். வேர் கட்டையைப் பிடித்துக்கொள்ளும்வரை நாடா தாங்கும், பிறகு மக்கி உதிர்ந்துவிடும். அப்படியே ஆனது. காலைச் சாய்வெயில் மட்டும் விழுகிற மூலையில், காற்றோட்டமாகத் தொங்கவிட்டாள். குழாய்த் தண்ணீர் இலையில் வெள்ளைத் திட்டு விட்டதால் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினாள். உரத்தை, காப்பியில் கை நழுவித் தண்ணீர் கொட்டிவிட்டதுபோல் அத்தனை நீர்க்கக் கரைத்து, எப்போதாவது இலைமேல் தெளித்தாள். முக்கியமான வேலை ஒன்று உண்டு. குவளைத் தண்ணீர் தேங்கக் கூடாது. வாரத்துக்கு இரண்டு முறை கட்டையைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, பழையதைக் கொட்டிப் புதிதாக ஊற்றவேண்டும். இல்லாவிட்டால் நாறும், குருத்து அழுகும், கொசு முட்டையிடும். இதை நர்சரிக்காரர் கண்ணில் விரலை விட்டு ஆட்டாத குறையாகச் சொல்லியிருந்தார்.

ஒருநாள் அண்ணி வந்தாள். நாத்தனார் வீடு தூசி படிந்து கிடக்கிறதே என்று மனசு கேட்காமல், ஈரத்துணியை எடுத்து ஓர் இலையை மேலிருந்து கீழ்வரை பளபளவென்று துடைத்துவிட்டாள். வெள்ளிப் பட்டை முழுக்கத் துணிக்கு வந்துவிட்டது. அது தூசி இல்லை அண்ணி, அந்தப் பொடியாலதான் செடி ஈரத்தையே இழுக்குது என்று காயிலக்கா பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். “தூசி தட்டக் கூடாத பொருள எந்த வீட்டுலயாவது வச்சிருப்பாங்களா?” என்று அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். துடைத்த இலை கடைசிவரை மொட்டைப் பச்சையாகவே நின்றது.

ஒரு செடி பலவானது. அடியில் கிளம்புகிற பக்கக் குட்டிகளை அவசரப்பட்டுப் பிடுங்காமல், தாயில் பாதி வளரும்வரை பொறுத்து, வெட்டி, தனித்தனிக் கட்டைகளில் கட்டினாள். பால்கனிக் கம்பி முழுக்கக் குவளைகள் தொங்கின. ஆனால் எதுவும் பூக்கவில்லை. பழுத்த வாழைப்பழத்தின் வாசனை பட்டால் பூக்கும் என்று கேள்விப்பட்டு, இருப்பதில் பெரியதன் குவளையைக் காலிசெய்து, ஒரு பழத்தோடு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி வைத்தாள். சில நாள் கழித்துப் பிரித்தபோது பழம்தான் கறுத்துப்போயிருந்தது. அவளும் மறந்துவிட்டாள். மழை பிடித்து நனைந்து கிடந்த ஒரு காலையில் தண்ணீர் ஊற்றப் போனவள், அந்தப் பெரிய செடியின் குவளை அடியாழத்தில் இளஞ்சிவப்பாக ஒரு முனை தெரிவதைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள். பட்டறையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தக் குவளைக்குள் எட்டிப் பார்ப்பாள். மற்ற செடிகளை வழக்கம்போல் கவிழ்த்தாள். இதை மட்டும் கவிழ்க்க மனசு வரவில்லை. தலைகீழாகத் திருப்பினால் மொட்டு ஒடிந்துவிடுமோ, கழன்று விழுந்துவிடுமோ என்று பயம். குறைந்ததற்கு மேலே கொஞ்சம் ஊற்றிக்கொள்வதோடு சரி.

அந்த மழையில்தான் கட்டடத்துக்குள் காய்ச்சல் வந்தது. இரண்டாம் மாடியில் டியூஷன் எடுக்கிற டீச்சரின் மகள் கொசுக்காய்ச்சலில் படுத்தாள். ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றி, காற்றடித்தால் விழுந்துவிடுகிற நிலையில் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். கட்டடமே ஆடிப்போயிருந்தது. குடியிருப்போர் சங்கத்துச் செகரட்டரி, தொட்டி, வாளி, பழைய டயர் என்று தண்ணீர் நிற்கிற எல்லாவற்றையும் ஒழித்துக்கொண்டே மாடி ஏறி வந்தார். காயிலக்காவின் பால்கனியைப் பார்த்ததும் மூச்சு வாங்குவதைக்கூட நிறுத்திவிட்டார். மற்றவர்கள் வீட்டில் தண்ணீர் தற்செயலாகத் தேங்கியிருந்தது. இவள் அதைத் தேக்குவதற்கென்றே செடி வளர்க்கிறாளே.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தவேண்டும், இல்லையென்றால் ஆள் வைத்து எடுப்போம் என்று சொல்லிவிட்டு இறங்கினார். வீட்டுக்காரர் என்ற முறையில் அண்ணனுக்கும் போன் போனது.

அண்ணன் சனிக்கிழமை வந்தார். உட்காரவில்லை. செடியை எடுக்காவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிச் சங்கத்தில் தீர்மானம் போடுவார்கள், எனக்கு இருக்கிற மானமும் போகும் என்றார். தான் எல்லாவற்றையும் வாரம் இருமுறை கவிழ்த்துக் கொட்டுவதைத் தங்கை பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். அவருக்கு அது ஏறவில்லை. வாய் தவறி, அல்லது இத்தனை நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்து, கொட்டிவிட்டார்.

“நீ இங்க இருக்கறதே ஒட்டிக்கிட்டு. அதுல ஒட்டிக்கிட்டு உனக்கு ஒரு செடி வேற.”

காயிலக்கா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். “ஒட்டிக்கிட்டுதான் இருக்கேண்ணா. உறிஞ்சல. எந்த மாசம் வாடக நின்னுச்சு, சொல்லு.”

அவர் நாளைக்கு நானும் வருவேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் ஏறி வருவதற்கு முன்பே அவள் எல்லாக் கட்டைகளையும் கழற்றி, வீட்டுக்கு வெளியே படிக்கட்டு முகப்பில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பேசின். எடுத்துவிட்டதாக நினைத்து, செகரட்டரியின் முகம் மலர்ந்தது. “எடுக்கல சார். காட்டப்போறேன்” என்றாள். அவர் பின்னால் அண்ணன், இரண்டு மூன்று குடித்தனக்காரர்கள், எல்லோருக்கும் பின்னால் சுவரோரமாக டீச்சர். பல நாள் தூங்காத கண்.

காயிலக்கா முதல் கட்டையைத் தூக்கிப் பேசினில் கவிழ்த்தாள். தெளிந்த தண்ணீர். ஒரு காய்ந்த இலை, ஓர் எறும்பு. எல்லோரும் குனிந்து பார்க்கும்வரை பேசினைப் பிடித்திருந்து, வடிகாலில் கொட்டி, அடுத்ததை எடுத்தாள். அதுவும் தெளிவு. ஒவ்வொன்றுக்கும் “பாத்துக்கங்க” என்று சொல்லும் அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. குடித்தனக்காரர் ஒருவர், நம்ம வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கற தட்டுகூட இவ்வளவு சுத்தமா இருக்காது சார் என்று செகரட்டரியின் காதைக் கடித்தார். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். காற்று தன் பக்கம் திரும்புவது அவளுக்குத் தெரிந்தது.

கடைசியாக நின்றது மொட்டு விட்ட செடி.

அதன் மேல் கை வைத்தவள் தூக்கவில்லை. இதைக் கவிழ்த்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். தயங்கியதைச் செகரட்டரியே கவனித்துவிட்டு, என்ன என்று கேட்டார். இதில் மொட்டு இருக்கிறது, முதல் மொட்டு என்றாள். அவருக்கும் கால் வலித்தது. “சரி சரி, பூக்கற செடிய எதுக்கு... அதான் எல்லாத்தையும் பாத்துட்டோமே” என்று இறங்கத் திரும்பினார். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், அன்றைய பொழுது அவளுடையது.

ஆனால் சுவரோரம் நின்ற டீச்சர் திரும்பவில்லை.  அந்தக் குவளையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காயிலக்கா செடியைத் தூக்கினாள். ஒரே வீச்சில் கவிழ்த்தாள்.

பேசினில் விழுந்த தண்ணீருக்குள் கறுப்புக் கறுப்பாகத் துள்ளின. எண்ணிப் பார்க்கிற அளவில் இல்லை.  அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

“புழு இருக்கு” என்றாள் அவளே. “மொட்டு ஒடிஞ்சிடும்னு பயந்து இத மட்டும் கவுக்காம விட்டேன். எல்லாத்தையும் கவுக்கறேன்னு நேத்து அண்ணன்கிட்ட சொன்னது பொய்யாயிடுச்சு.”

டீச்சர் முன்னால் வந்தாள். பேசினுக்குள் நெடுநேரம் பார்த்தாள். “என் பொண்ண கடிச்சது இதுல இருந்து வந்த கொசுவா?”

“தெரியாதும்மா” என்றாள் காயிலக்கா. “இருக்கலாம். இல்லன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல.”

செகரட்டரிக்குத் தெம்பு திரும்பிவிட்டது. இனிமேல் பேச்சே இல்லை, எல்லாவற்றையும் மூட்டை கட்டுங்கள் என்று கீழே பார்த்து ஆளைக் கூப்பிட்டார். புழு காய்ந்து சாகட்டும் என்று காயிலக்கா பேசினை வெயில் காய்கிற மொட்டைமாடியில் கொட்டிவிட்டு வந்து, செடிகளுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். உரத்துப் பேசவில்லை. பட்டறையில், கட்டிய மோட்டாரைக் குறை சொல்கிறவனிடம் பேசுகிற குரல்தான்.

“எடுக்க மாட்டேன் சார். தப்பு பண்ணது நான். மேல் தொட்டில புழு வந்தா தொட்டிய ஒடைக்கறீங்களா, கழுவறீங்களா?”

“தொட்டி இல்லாம வாழ முடியாதும்மா. செடி இல்லாம வாழலாம்.”

“நீங்க வாழலாம்” என்றாள்.

பின்னாலிருந்து ஒருவர் சிரித்துவிட்டு, டீச்சரைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். அண்ணன் அதற்குமேல் பொறுக்க முடியாமல், இதுக்கு மேல என் வீட்டுல இருக்க வேண்டாம் என்றார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷம் காதில் போட்டுக்கொள்ளாதது எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. “காலி பண்ணச் சொல்றியா, பண்றேன். இதுங்களையும் தூக்கிக்கிட்டுதான் போவேன். பட்டறை உத்தரத்துல தொங்கவிடுவேன், நானும் அங்கயே படுத்துக்குவேன். ஆனா நீ வச்சுப் பாத்துக்கிட்டேன்னு மட்டும் இனிமே எவன்கிட்டயும் சொல்லாத.”

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பேசியது டீச்சர்.

“அவங்கள அனுப்பி எனக்கு என்ன ஆகப்போகுது? வேற எங்கயோ போய் வளப்பாங்க. அங்க வேற ஒருத்தி புள்ளைக்குக் காய்ச்சல் வரும்.” பாதியிலேயே அவள் செகரட்டரியை விட்டுக் காயிலக்காவின் பக்கம் திரும்பினாள். “இங்கேயே இருக்கட்டும். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நான் மேல வருவேன். என் கண்ணு முன்னாடி கவுக்கணும். ஒரு புழு இருந்தாலும் நானே ஒவ்வொண்ணா பிச்சுப் போடுவேன்.”

“பிச்சுப் போடுங்க” என்றாள் காயிலக்கா. “தடுக்க மாட்டேன்.”

மன்னிப்புக் கேட்கவில்லை. டீச்சரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பாதிக்கப்பட்டவளே சொன்ன பிறகு செகரட்டரிக்கு மறுக்க வழி இல்லாமல் போயிற்று. கூட்டம் கலைந்தது. அண்ணன் கடைசியாக இறங்கினார். காலி செய்யச் சொன்னதைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை டீச்சர் சொன்னபடி வந்தாள். வா என்றோ உட்கார் என்றோ பேச்சில்லை. கைப்பேசி வெளிச்சத்தைக் குவளை குவளையாக அடித்துப் பார்த்தாள். பேசினில் விழுந்த தண்ணீரை வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமையும் வந்தாள். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும். மொட்டு ஒடியவில்லை, எத்தனை முறை தலைகீழாகக் கவிழ்த்தும் ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்கு எழும்பி, முள் வைத்த இளஞ்சிவப்புக் கூம்பாக விரிந்து, அதன் இடுக்குகளில் நீலப் பூக்களைச் சின்னச் சின்னதாகத் திறந்தது. டீச்சர் அன்றைக்கும் முதலில் குவளையைத்தான் பார்த்தாள். பிறகுதான் அவள் கண் மேலே போனது.

“இந்தப் பூ எத்தன நாள் இருக்கும்?”

“சிவப்பு மாசக்கணக்குல நிக்கும். அப்புறம் தாய்ச்செடி மெதுவா வாடிடும். பக்கத்துல குட்டி விட்டிருக்கு.”

“அது வாடுறவரைக்கும் வருவேன்.”

“அதுக்கப்புறமும் வரணும்” என்றாள் காயிலக்கா, செடியை நிமிர்த்திப் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. “குட்டிக்கும் குவளை இருக்குல்ல.”

டீச்சர் சிரிக்கவில்லை. பேசினில் மிச்சமிருந்த தண்ணீரைத் தானே எடுத்து வடிகாலில் கொட்டிவிட்டு, மகளுக்கு மருந்து கொடுக்க நேரமாயிற்று என்று படியிறங்கினாள்.